விறகு தின்னும் ஜப்பானியச் சூளைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அனகாமா, நொபோரிகாமா, பிசென், ஷிகராகி என்று மட்பாண்டப் பிரியர்கள் பெயர்களை அடுக்கிக்கொண்டே போவார்கள். முதல் இரண்டும் சூளை வகைகள், அடுத்த இரண்டும் பாண்டம் சுடும் ஊர்கள். புதிதாகக் கேட்பவருக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. அப்படிப்பட்டவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. என்னைக் கேட்டால், இந்தச் சூளைகளின் கதையில் பாதிக்கு மேல் விறகின் கதைதான். அதனால் எந்தக் கேள்வியில் தொடங்கினாலும் பேச்சு விறகில் போய் நிற்கும்.

சாதாரண மண்பானைச் சூளைக்கும் இவற்றுக்கும் என்ன வித்தியாசம்?

முதலில் சூடு. வைக்கோலும் விறகும் போட்டு மூடித் திறந்தவெளியில் சுட்டால் 700 முதல் 900 டிகிரி செல்சியஸ் வரை போகும். நம் மண்பானை அந்த வகை. மண்ணில் நுண்துளைகள் மூடாமல் இருப்பதால்தான் தண்ணீர் கசிந்து ஆவியாகிப் பானை குளிர்கிறது. ஜப்பானியச் சூளைகளோ 1200, 1300 டிகிரி வரை ஏறுகின்றன. அந்தச் சூட்டில் களிமண்ணின் ஒரு பகுதி உருகித் துளைகளை அடைத்துவிடும். ஆறிய பிறகு பாத்திரம் கல் போல இறுகியிருக்கும், தட்டினால் கணீரென்று ஒலிக்கும். ஸ்டோன்வேர் என்பது இதைத்தான்.

அடுத்தது சூளை கட்டும் இடம். இவை பெரும்பாலும் சரிவில் கட்டப்படுபவை. அடியில் தீ, உச்சியில் புகை வெளியேறும் துளை. சூடான காற்று மேலேறும் இயல்பே காற்றோட்டத்தை இழுத்துக்கொடுப்பதால், சரிவு முழுவதுமே ஒரு படுத்த புகைபோக்கி மாதிரி வேலை செய்கிறது. துருத்தி தேவையில்லை.

அனகாமா, நொபோரிகாமா: எது எது?

அனகாமா ஒரே அறை கொண்டது. மலைச்சரிவைக் குடைந்தோ, பாதி தோண்டி மேலே மண்ணால் வளைவுக்கூரை போட்டோ செய்த நீண்ட சுரங்கம் அது. தீ எரியும் இடத்துக்கும் பாத்திரம் நிற்கும் இடத்துக்கும் நடுவே சுவர் கிடையாது. எனவே சாம்பலும் சுவாலையும் நேராகப் பாத்திரங்கள் மேல் பாயும். முன்வரிசைக்குச் சூடும் சாம்பலும் அதிகம், பின்வரிசைக்குக் குறைவு. நடுக்காலத் தொகோநாமே பக்கத்துச் சூளைகளில் தீயறைக்குப் பின்னால் ஒரு தூணை நிறுத்திச் சுவாலையை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். சூடு ஓரளவு சமமாகப் பரவ அது ஒரு உபாயம்.

நொபோரிகாமாவில் படிப்படியாக ஏறும் பல அறைகள் உண்டு. ஒரு அறையில் சுவாலை கூரைக்கு எழும்பி, பிறகு கீழிறங்கி, பின்சுவரின் அடியில் உள்ள துளைகள் வழியாக அடுத்த அறைக்குப் போகும். கீழறை உச்சச் சூட்டை எட்டும்போது மேலறை ஏற்கெனவே சிவந்து கிடக்கும். பக்கவாட்டுத் துளையில் மெல்லிய விறகைப் போட்டால் மிச்சச் சூட்டையும் எட்டிவிடலாம். ஒரே விறகின் வெப்பத்தை இரண்டு முறை, மூன்று முறை வேலை வாங்குகிற ஏற்பாடு இது. இன்னொரு லாபம், மேலறைகளுக்குச் சாம்பல் அதிகம் வராது. கிளேஸ் எனப்படும் கண்ணாடிப் பூச்சு பூசிய பாத்திரங்களுக்கும் பீங்கானுக்கும் அதுதான் வேண்டும்.

இரண்டுக்கும் நடுவே ஓகாமா என்ற வகை, 15, 16ஆம் நூற்றாண்டுகளில் மினோ, செதோ பகுதிகளில் இருந்தது. அறை ஒன்றுதான், ஆனால் பெரிது. பெரும்பகுதி தரைக்கு மேலே இருக்கும். தாம்பா பகுதியிலோ உள்ளூர்க்காரர்கள் பாம்புச் சூளை என்று சொல்லும் தாழ்வான, மிக நீளமான சூளைகள். அங்கே தாச்சிகுயி கிராமத்தில் 1895-இல் கட்டிய சூளை 47 மீட்டர் நீளத்துக்குச் சரிவில் படுத்திருக்கிறது. அதில் இன்றும் சுடுகிறார்கள்.

இது ஜப்பானிலேயே பிறந்த நுட்பமா?

இல்லை. இரண்டு முறையுமே கொரியா வழியாக வந்தது.

5ஆம் நூற்றாண்டில் கொரியத் தீபகற்பத்திலிருந்து வந்த கைவினைஞர்கள் சுரங்கச் சூளையையும் சக்கரத்தையும் கொண்டுவந்தார்கள். அதில் சுட்ட சாம்பல் நிறப் பாண்டங்களுக்குச் சுவே என்று பெயர். இன்றைய ஒசாகாவுக்குத் தெற்கே உள்ள மலைகளில் இந்தச் சூளைகளின் தடயங்கள் நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. அத்தனை சூளைகள் எரிந்தால் மலை என்ன ஆகும்? 859-இல் கவாச்சி, இசுமி என்ற இரண்டு மாகாணங்களும் பாண்டம் சுட விறகு வெட்டும் மலை யாருக்குச் சொந்தம் என்று சண்டையிட்டதை அரசவைக் குறிப்பு பதிந்து வைத்திருக்கிறது. ஜப்பானியச் சூளை வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த தகவல் இதுதான். கலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சண்டை முழுக்க விறகுக்காக.

இரண்டாவது வரவு அவ்வளவு இனிமையானது அல்ல. 1592 முதல் 1598 வரை அன்று ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷியின் படைகள் கொரியா மீது போர் தொடுத்தபோது, கியூஷு தீவின் பிரபுக்கள் கொரியக் குயவர்களைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். கராட்சு பகுதியில் பல அறைச் சூளைகள் பெருகியதும், அரிதாவில் ஜப்பானின் முதல் பீங்கான் பிறந்ததும் இவர்கள் கையால். மரபுக் கதைப்படி 1616-இல் யி சாம்-ப்யோங் என்ற கொரியர் அங்கே பீங்கான் கல்லைக் கண்டெடுத்தார். கராட்சுவின் நுட்பம் சீக்கிரமே மினோவுக்கும் போய்ச் சேர்ந்தது. ஜப்பானிய அழகுணர்வு என்று நாம் சிலாகிக்கிற பலவற்றின் அடித்தளத்தில், விருப்பமின்றி ஊர் மாறிய மனிதர்களின் கைத்திறன் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விடக் கூடாது.

ஏன் எல்லோரும் பைன் விறகையே சொல்கிறார்கள்?

அகமாட்சு என்ற சிவப்புப் பைன் மரம்தான் இங்கே ராஜா. அதில் பிசின் அதிகம். பிசின் வாயுவாகி எரியும்போது சுவாலை நீளும், சூளையின் கடைசி வரை எட்டும். கடின மரங்கள் நல்ல தணல் தரும், ஆனால் சுவாலை குட்டை. தணல் அதிகம் சேர்ந்தால் தீயறை அடைத்துக்கொள்ளும், காற்று போகாது. பைன் சீக்கிரம் எரிந்து தீர்வதால் சூட்டை வேகமாகக் கூட்டலாம்.

இன்னொரு காரணம், மலைகளில் முதலில் இருந்த காட்டை வெட்டித் தீர்த்த பிறகு வறண்ட மண்ணில் தானாக முளைத்தது பைன்தான். கிடைத்ததை எரித்தார்கள், அது பொருத்தமாகவும் அமைந்துவிட்டது. இப்போது பைனுக்கே ஆபத்து. நூற்புழு ஒன்றால் வரும் வாடல் நோய் 20ஆம் நூற்றாண்டு முழுக்க ஜப்பானின் பைன் காடுகளை அழித்தது. இன்று நல்ல பைன் விறகு விலை உயர்ந்த சரக்கு.

சாம்பல் எப்படிக் கண்ணாடி ஆகிறது?

விறகுச் சாம்பலில் சுண்ணாம்புச் சத்தும் பொட்டாஷும் உண்டு. களிமண்ணில் சிலிக்கா உண்டு. சிலிக்கா தனியாக உருக 1700 டிகிரிக்கு மேல் வேண்டும். சுண்ணாம்பும் பொட்டாஷும் கூடச் சேர்ந்தால் 1200-ஐத் தாண்டியதும் இளகி ஓடத் தொடங்கும். பறந்து வந்த சாம்பல் பாத்திரத்தின் தோளில் படிந்து, உருகி, பச்சை நிறத்தில் வழிவது இதனால்தான். ஷிகராகி, இகா ஜாடிகளில் காணும் பச்சைக் கண்ணாடித் துளிகளை யாரும் பூசவில்லை.

பச்சை நிறத்துக்குக் காரணம் இரும்பு. விறகை அள்ளிப் போட்டதும் உள்ளே ஆக்சிஜன் போதாமல் கார்பன் மோனாக்சைடு பெருகும். அது மண்ணில் உள்ள இரும்பு ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். அப்படிப்பட்ட சூழலில் இரும்பு பச்சை, நீலம், சாம்பல் நிறங்களைத் தரும். காற்று தாராளமாக இருந்தால் சிவப்பு, பழுப்பு, மஞ்சள். விறகுச் சூளையில் ஒவ்வொரு முறை விறகு போடும்போதும் இந்த நிலை மாறி மாறி வருவதால், ஒரே பாத்திரத்தின் இரண்டு பக்கமும் இரண்டு நிறமாக இருப்பது சகஜம்.

ஒரு முறை சுடுவது என்றால் உண்மையில் என்ன நடக்கும்?

வேலை தீ மூட்டுவதற்கு வெகு முன்பே தொடங்கிவிடும். விறகைப் பிளந்து, அடுக்கி, மாதக்கணக்கில் உலர்த்த வேண்டும். அப்புறம் பாத்திரங்களைச் சூளைக்குள் அடுக்குதல். என் கருத்தில் சுடுவதில் பாதி இங்கேயே முடிந்துவிடுகிறது. சுவாலை தண்ணீரைப் போல, தடை இல்லாத பக்கம் ஓடும். எந்தப் பாத்திரத்தை எங்கே வைத்தால் சுவாலை எப்படித் திரும்பும், எதன் நிழலில் எது சாம்பலிலிருந்து தப்பும் என்று கணக்குப் போட்டு, அனகாமாவுக்குள் தவழ்ந்துபோய் ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். பாத்திரம் தரையோடு ஒட்டாமலிருக்க அடியில் தீக்களிமண் உருண்டைகளை வைப்பார்கள். சில ஊர்களில் சிப்பி ஓட்டின் மேல் படுக்க வைப்பார்கள். சுட்ட பிறகு அந்த ஓட்டின் வரிகள் பாத்திரத்தில் பதிந்திருக்கும்.

வாயிலைச் செங்கல் வைத்து மண் பூசி மூடிய பிறகு, உப்பும் சாக்கே என்ற அரிசி மதுவும் படைத்துக் கும்பிட்டுத் தீ வைப்பார்கள். முதல் நாள் சின்னத் தீ மட்டுமே. மண்ணில் ஒளிந்திருக்கும் ஈரம் மெதுவாக வெளியேற வேண்டும்; அவசரப்பட்டால் நீராவி பாத்திரத்தை வெடிக்கவைக்கும். 573 டிகிரி அருகே மண்ணிலுள்ள படிகக்கல் திடீரென்று விரியும், அதையும் பொறுமையாகக் கடக்க வேண்டும்.

பிறகு ராப்பகலாக முறை வைத்து விறகு போடும் நாட்கள். போட்டதும் கரும்புகை எழும், சூடு சற்றே இறங்கும். புகை தெளிந்து சுவாலை சுருங்கும் தருணத்தில் அடுத்த கட்டு. முந்தினால் தீ திணறும், பிந்தினால் சூடு இறங்கும். ஒருவர் போடும் தாளம் இன்னொருவருடையதிலிருந்து மாறும், சூளையும் அதற்கேற்ப மாறும். சின்ன அனகாமாவுக்கு மூன்று நான்கு நாள் போதும்; பிசெனில் பத்து நாளுக்கு மேல் எரிப்பதும் வழக்கம். கடைசியில் எல்லாத் துளைகளையும் மண்ணால் அடைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். ஆறுவதற்குச் சுட்ட அளவு நாட்களே பிடிக்கலாம். ஆவலில் முன்னதாகத் திறந்தால் குளிர்காற்று பட்டு நல்ல பாத்திரமும் விரிசல் விடும்.

தெர்மாமீட்டர் இல்லாத காலத்தில் சூட்டை எப்படி அறிந்தார்கள்?

கண்ணால். மங்கிய சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், கடைசியில் பார்க்கவே கூசும் வெண்மை. இது போக, வளையமாகச் செய்த சின்னச் சோதனைத் துண்டுகளை உள்ளே வைத்து, இரும்புக் கம்பியால் ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் பூச்சு உருகியதா என்று பார்ப்பார்கள். இன்று மின் அளவியும், குறிப்பிட்ட சூட்டில் வளையும் கூம்புகளும் இருக்கின்றன. ஆனாலும் அந்தத் துண்டை இழுத்துப் பார்க்கும் பழக்கம் போகவில்லை. சாம்பல் எவ்வளவு படிந்திருக்கிறது என்பதை எந்த அளவியும் சொல்லாது.

“நெருப்பே வரைந்த ஓவியம்” என்கிறார்களே, உண்மையில் எல்லாம் தற்செயல்தானா?

விற்பனைப் பேச்சில் பாதி உண்மை. பிசென் பாண்டங்களைப் பார்த்தால் விளங்கும். இன்றைய ஒகயாமா மாநிலத்தின் இன்பே வட்டாரம்தான் பிசெனின் மையம். வயலுக்கு அடியிலிருந்து தோண்டும் அங்குள்ள மண்ணில் இரும்பு அதிகம், சுருக்கமும் அதிகம், திடீர்ச் சூட்டைத் தாங்காது, கிளேஸும் சரியாகப் பிடிக்காது. அதனால்தான் பூச்சே இல்லாமல், மெதுவாக, நாள்கணக்கில் சுட வேண்டியிருக்கிறது.

வெளிர்மேனியில் செந்தழல் கோடுகள் ஓடுகின்றனவே, அவை வைக்கோல் சுற்றிய இடங்கள். பாத்திரங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க இடையில் வைக்கோல் வைத்தார்கள். வைக்கோலின் பொட்டாசியம் மண்ணின் இரும்போடு வினைபுரிந்து சிவப்பாக நின்றது. எள் தூவினாற்போன்ற புள்ளிகள் பறந்து வந்த சாம்பல். தட்டுகளில் தெரியும் வட்டங்கள், மேலே வேறொரு பாத்திரம் உட்கார்ந்திருந்த தடம். சாம்பலிலும் தணலிலும் புதைந்து காற்றுப் படாமல் போன பகுதி நீலச்சாம்பலாக மாறும். ஆரம்பத்தில் எல்லாமே அடுக்கும் வசதிக்காகச் செய்ததன் பக்கவிளைவு. பிறகு தேநீர்ச் சடங்கு நடத்தும் கலைஞர்கள் அதை ரசிக்கத் தொடங்கியதும், குயவர்கள் வேண்டுமென்றே செய்தார்கள். இன்று அதே வைக்கோல் கோடுகளை மின்சூளையில் வரவழைப்பவர்களும் உண்டு, கடைசி நேரத்தில் கரியைக் கொட்டி நீலச்சாம்பல் நிறத்தை உண்டாக்குபவர்களும் உண்டு. ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். எங்கே என்ன விழும் என்று தெரிந்து வைப்பவர்தான் நல்ல குயவர்; மிச்சத்தை மட்டும் தீயிடம் விடுகிறார்.

ரசனை மோகம் புதிதும் அல்ல. 15ஆம் நூற்றாண்டில் முராதா ஜுகோ என்ற தேநீர் ஆசான், பக்குவம் வராத புதியவர்கள்கூட பிசென், ஷிகராகி பாத்திரங்களை வைத்துக்கொண்டு முதிர்ச்சி காட்டுவதைத் தன் சீடருக்கு எழுதிய கடிதத்தில் கண்டித்திருக்கிறார்.

“ஆறு பழைய சூளைகள்” எவை?

பிசென், ஷிகராகி, தாம்பா, எச்சிசென், செதோ, தொகோநாமே. பட்டியல் பழையது என்று நினைக்க வேண்டாம். 20ஆம் நூற்றாண்டில் கொயாமா ஃபுஜியோ என்ற ஆய்வாளர் வைத்த பெயர் அது. 2017-இல் ஜப்பானிய மரபுச் சின்னப் பட்டியலிலும் ஏறியது. நடுக்காலத்தில் பாண்டம் சுட்ட ஊர்கள் இன்னும் ஏராளம். இந்த ஆறும் நின்றுபோகாமல் தொடர்ந்தவை, அவ்வளவுதான். நோட்டோ தீபகற்பத்தின் சுசு 15ஆம் நூற்றாண்டோடு அணைந்தது. 1970களில் புத்துயிர் பெற்ற அதன் சூளைகளில் பல, 2024 ஜனவரி நிலநடுக்கத்தில் இடிந்தன.

அனகாமா ஒரு காலத்தில் மறைந்துபோனதா?

பெரும்பாலான ஊர்களில் ஆம். விறகுச் செலவில் நொபோரிகாமாவோடு போட்டிபோட முடியவில்லை. பிசென் மட்டும் வெகுகாலம் பிடிவாதமாகப் பெரிய ஒற்றை அறைச் சூளையையே பற்றிக்கொண்டிருந்தது. இன்பேயின் தென்சூளையின் எச்சம் சுமார் 54 மீட்டர் நீளம். ஊரார் கூட்டாக எரித்தது அது. கட்டுப்படியாகாமல் போகவே 1830களில் அங்கேயும் சின்னச் சூளை வந்தது.

திரும்பி வந்த கதைகளில் குயவர் அரகாவா தொயோசோவினுடையது பிரபலம். ஷினோ என்ற வெண்பூச்சுத் தேநீர்க் கிண்ணங்கள் செதோவில் செய்யப்பட்டவை என்றே எல்லோரும் நம்பியிருந்த காலம். 1930-இல் அவர் மினோவின் ஒரு பழைய சூளை மேட்டில் மூங்கில் குருத்து வரைந்த ஷினோ ஓட்டுத்துண்டைக் கண்டெடுத்தார். அப்புறம் அங்கேயே பழைய முறையில் பாதி புதைந்த சூளை கட்டி, அந்த வெண்மையைத் திரும்பப் பெற ஆண்டுக்கணக்கில் சுட்டுப் பார்த்தார்.

புகைக்குத் தடை இல்லையா?

உண்டு. கியோத்தோவின் கோஜோசாகா வட்டாரம் ஒரு காலத்தில் நொபோரிகாமாக்களால் நிறைந்திருந்தது. மாசுக் கட்டுப்பாட்டால் 1970களின் தொடக்கத்தில் அவை அணைந்தன. தொகோநாமேயில் 1887 வாக்கில் கட்டிய எட்டு அறைச் சூளை 1974 வரை எரிந்தது. அங்கே காரணம் புகை மட்டுமல்ல, எரிவாயு மலிவாகவும் வசதியாகவும் வந்துவிட்டது. இன்று விறகில் சுடுபவர்கள் பெரும்பாலும் மலையடிவாரத்தில்தான். புகையைச் சூளைக்குள்ளேயே இரண்டாம் முறை எரித்துவிடும் வடிவங்களும் வந்திருக்கின்றன.

எரிவாயு இருக்கும்போது ஏன் இந்தப் பாடு?

சாம்பலுக்காக. ஒரே மாதிரி நூறு தட்டு வேண்டுமென்றால் எரிவாயுச் சூளைதான் புத்திசாலித்தனம். அன்றாடம் சோறு உண்ணும் கிண்ணத்துக்கு விறகுச் சூளை தேவையில்லை என்பதே என் எண்ணம். நாள்கணக்கில் சாம்பல் படிந்து உருகி, மறுபடி படிந்து உருகி உண்டாகும் அடுக்குகளை வேறு எந்த வழியிலும் அதே ஆழத்தோடு கொண்டுவர முடியாது. விலை அதிகமாக இருப்பதற்கும் இதுதான் காரணம்: விறகு, ஆள்கூலி, உடைந்துபோகும் பங்கு எல்லாம் அதில் அடக்கம்.

தமிழ்நாட்டுப் பக்கம் ஏதாவது தொடர்பு உண்டா?

புதுச்சேரியில் உண்டு. 1971-இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மட்பாண்டப் பட்டறையைத் தொடங்கினார்கள். டெபோரா ஜப்பானில், பிசெனில் தொழில் பழகியவர். பைன் இல்லாத ஊரில் சவுக்கு விறகு எரிந்தது. அங்கே பயின்றவர்கள் வழியாக ஸ்டோன்வேர் இந்தியா முழுவதும் பரவியது.

ஜப்பானில் நேரில் பார்க்க எங்கே போகலாம்?

சூளைக்குள்ளேயே நுழைந்து பார்க்க ஆசையென்றால் தொகோநாமே. உயரம் மாறுபடும் பத்துப் புகைபோக்கிகள் வரிசையாக நிற்கும். கியோத்தோவில் குயவர் கவாய் கஞ்சிரோ வாழ்ந்த வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது; கொல்லையில் எட்டு அறைச் சூளை. மஷிகோவில் இன்னொரு குயவரான ஹமாதா ஷோஜியின் நொபோரிகாமா 2011 நிலநடுக்கத்தில் இடிந்து, பிறகு மீண்டும் கட்டப்பட்டது.

ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் ஒந்தாவைச் சொல்வேன். ஒயிதா மாநிலத்து மலைக்கிராமம். சில குடும்பங்கள் மட்டும் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து தலைமுறையாகத் தொழில் செய்கின்றன; ஊருக்குப் பொதுவான சூளையும் உண்டு. ஓடைநீர் மர உலக்கையின் குழிந்த முனையில் நிரம்ப, அது சாய்ந்து நீரைக் கொட்டிவிட்டுத் தொப்பென்று விழுந்து மண்ணை இடிக்கும். ஊர் முழுக்க இரவும் பகலும் அந்தச் சத்தம்தான்.

வாங்கிய பூச்சில்லாப் பாத்திரத்தை எப்படிப் பயன்படுத்துவது?

முதலில் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். மணல் ஒட்டிச் சொரசொரப்பாக இருந்தால் மேசையைக் கீறும். மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துவிடலாம். பரிமாறும் முன் சிறிது நேரம் தண்ணீரில் ஊறவைத்தால் எண்ணெயும் மஞ்சளும் கறையாகப் பிடிக்காது, பாத்திரத்தின் நிறமும் தெளிந்து தெரியும். அடுப்பில் நேராக வைக்கக் கூடாது. கழுவியபின் நன்றாக உலர்ந்த பிறகே அலமாரியில் வையுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.